பதினாலாம் நம்பர் டாப்பு

அக்டோபர் 30, திங்கள்

காலை பத்தரைக்கு லாரியில் மூன்று பெட்டிகள் வந்து இறங்கின. மூன்று கம்பெனிகளின் வயர் இல்லாத மிஷின்கள். ஒவ்வொரு பெட்டியிலும் காங்கிரீட்டில் துளை போடும் டிரில் ஒன்று, கிரைண்டர் ஒன்று, பேட்டரி இரண்டு, சார்ஜர் ஒன்று. ரெஜினா மேடமும் கூடவே வந்திருந்தார். தலைமை ஆபீசில் பாதுகாப்பு அதிகாரி. ரயிலடியிலிருந்து நேரே ஸ்டோருக்கு வந்துவிட்டார்.

"நயினார் சார், மூணு வாரம் டைம். மூணையும் நம்ம வேலையிலேயே போட்டுப் பாருங்க. ஒரு சார்ஜுக்கு எத்தனை துளை, சார்ஜ் ஏற எவ்வளவு நேரம், கனம், சூடு, எல்லாத்தையும் எழுதுங்க. எது தேறுதோ அதை எல்லா சைட்டுக்கும் வாங்கிடலாம். வயர் மிஷினே இனிமே வேண்டாம்."

"ஃபாரம் ஏதும் இருக்கா மேடம்?"

"ஃபாரம் வேண்டாம். டைரி மாதிரி எழுதுங்க. ஃபாரம்னா எல்லாரும் ஆம், ஆம்னு போட்டுட்டுப் போயிடுறாங்க."

அதற்காகத்தான் இந்த நோட்டு. மேடத்துக்கு வேண்டியதை மட்டும் கடைசியில் நகல் எடுத்துக் கொடுத்துவிடலாம். நான் ஆறுமுகநயினார். பாளையங்கோட்டையில் எழும்புகிற இந்த ஆறு மாடி ஹாஸ்டல் கட்டடத்துக்கு ஸ்டோர் கீப்பர். ஆணியில் இருந்து மிஷின் வரை என் கை வழியாகத்தான் போகும், என் கை வழியாகத்தான் திரும்பும். முப்பத்தொரு வருஷ வேலையில் என் நோட்டில் தப்பு இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

கம்பெனிப் பெயர்களை எழுத வேண்டாமாம். பெயர் தெரிந்தால் அபிமானம் வந்துவிடும் என்கிறார் மேடம். பச்சை, மஞ்சள், நீலம் என்று நிறத்தைச் சொன்னால் போதும். ஆறு பேட்டரிக்கும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டேன். நம்பர் போடாத சாமானை நான் சாமான் என்றே எண்ணுவதில்லை.

வயர் இல்லாத மிஷின் எதற்கு என்றால், இந்த மாதம் பதிமூன்றாம் தேதி நான்காம் மாடியில் டிரில் பிடித்துக்கொண்டிருந்த மாசானமுத்து கரண்ட் அடித்து இறந்துபோனான். அதற்குத் தனியாக ரிப்போர்ட் இருக்கிறது. நானும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இங்கே அதை எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 31, செவ்வாய்

சோதனைக்கு ஆள் செல்வின். மாசானமுத்துவோடு ஜோடியாக வேலை பார்த்தவன். முன்பெல்லாம் ஸ்டோர் ஜன்னலில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசாமல் சாமான் வாங்கிப் போகமாட்டான். இப்போது கையை மட்டும் நீட்டுகிறான்.

இரண்டாம் மாடிக் கூரையில், பைப் கிளாம்ப் மாட்ட, பத்து மில்லித் துளை. ஆழம் இரண்டு அங்குலம்.

பச்சை: முழு சார்ஜில் 82 துளை. மஞ்சள்: 61. நீலம்: 38. கனம் பேட்டரியோடு சேர்த்து பச்சை மூன்று கிலோ நானூறு, மஞ்சள் இரண்டு தொள்ளாயிரம், நீலம் மூன்று கிலோ. தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறவனுக்கு அந்த அரைக் கிலோ பெரிய விஷயம். செல்வின் தோளைத் தேய்த்துக்கொண்டே, "மஞ்சதான் சுகம். ஆனா சோத்துக்கு முன்னாலயே படுத்துரும்" என்றான். பல நாளுக்குப் பிறகு என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான்.

நவம்பர் 1, புதன்

ஸ்டோரில் முருகன் படத்துக்குச் சூடம் காட்ட லைட்டர் வாங்கினேன்.

நவம்பர் 2, வியாழன்

ஒரு கம்பெனிப் பேட்டரி இன்னொரு கம்பெனி மிஷினில் ஏறாது. பள்ளமும் மேடும் வேறுவேறாக வைத்திருக்கிறார்கள். எல்லாம் அதே பதினெட்டு வோல்ட்தான். ஒரு கொத்தனார் நீல மிஷினில் மஞ்சள் பேட்டரியைச் சுத்தியலால் தட்டி ஏற்றப் பார்த்தான். நல்ல வேளை, கையும் களவுமாகப் பிடித்தேன். ஒருமுறை ஒரு நிறத்தை வாங்கினால் ஆயுசுக்கும் அந்த நிறத்தோடுதான் என்று மேடத்துக்குத் தெளிவாக எழுத வேண்டும்.

பச்சைச் சார்ஜர் ஒரு வீம்பு பிடித்த சாமான். சூடான பேட்டரியைச் செருகினால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு சும்மா இருக்கிறது. ஆறினால்தான் ஏற்றும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். பிறகுதான் புரிந்தது, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

வீட்டில் மனைவி சண்முகவடிவு மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தால் பாதி மிஞ்சி வருகிறதென்று சண்டை. வயிறு சரியில்லை என்றேன். "உங்களுக்கு வயிறு சரியில்லாத நாளைக் காலண்டர்லதான் தேடணும்" என்றாள்.

நவம்பர் 3, வெள்ளி

மழை. வயர் மிஷின்கள் இருபத்திரண்டையும் திரும்ப வாங்கி அலமாரியில் அடுக்கினேன். அவற்றின் டாப்புகள் தனியாக பிஸ்கட் டின்னில்.

மேடம் நகலில் கேட்டாலும் கேட்பார், எழுதிவைக்கிறேன். டாப்பு என்பது வயர் நுனியில் இருக்கும் மூன்று முள் பிளக். சைட்டில் அது தங்காது. எவன் வீட்டு மிக்ஸிக்கோ, செல்போன் சார்ஜ் போடும் பெட்டிக்கோ போய்விடும். போன சைட்டில் ஒரே வருஷத்தில் நாற்பத்தெட்டு போயிற்று. அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன். காலையில் மிஷின் வேறு, டாப்பு வேறாகக் கொடுப்பேன். ஸ்குரூவை முடுக்கி மாட்டிக்கொள்ள இரண்டு நிமிஷம் ஆகாது. சாயங்காலம் டாப்பைக் கழற்றி என் கையில் தர வேண்டும். நம்பர் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வேன். தராதவனுக்குச் சனிக்கிழமை வரை வேறு டாப்பு கிடையாது.

அந்தச் சட்டத்துக்குப் பிறகு ஒரு டாப்பு குறைந்ததில்லை. தலைமை ஆபீசில் பாராட்டினார்கள். டாப்பு கிடைக்காதவன் என்ன செய்வான் என்று சட்டத்தில் நான் எழுதவில்லை. எல்லா சைட்டிலும் செய்வதைத்தான் செய்வான். வயரைச் சீவி, இரண்டு கம்பியையும் சாக்கெட் ஓட்டையில் விட்டு, அசையாமல் இருக்கத் தீக்குச்சியைச் சொருகுவான். மூன்றாவது பச்சைக் கம்பியை மடக்கிவிட்டுவிடுவான். மிஷின் உடம்பில் கரண்ட் இறங்கினால் பூமிக்குக் கொண்டுபோய் மெயின் சுவிட்சை விழவைக்கிற கம்பி அதுதான்.

இன்று எண்ணியதில் டின்னில் இருபத்தொரு டாப்பு.

நவம்பர் 6, திங்கள்

பேச்சியம்மாள் வேலைக்கு வந்துவிட்டாள். மாசானமுத்துவின் மனைவி. பதினாறாம் நாள் கழித்து பத்து நாள்கூட வீட்டில் இருக்கவில்லை.

காங்கிரீட் போட்ட தூணுக்கும் தளத்துக்கும் ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும், இல்லையென்றால் வெடிப்பு விடும். இரண்டு வருஷமாக இந்த சைட்டில் அது அவள் வேலை. ஹோஸை இழுத்துக்கொண்டு மாடி மாடியாகப் போவாள். ஒரு தூண் விடுபடாது. இன்று காலை என் ஜன்னலுக்கு வந்து, "அண்ணாச்சி, ஒரு இரும்புச் சட்டி தாங்க. மண்ணு சுமக்கேன்" என்றாள்.

"ஏன், தண்ணி?"

"தண்ணி மட்டும் வேண்டாம் அண்ணாச்சி."

சட்டியைக் கொடுத்து நோட்டில் குறித்தேன். கை என்னமோ நம்பரைத் தப்பாக எழுதி, அடித்துத் திருத்தினேன்.

நீலம்: சார்ஜ் ஏற இரண்டு மணி பத்து நிமிஷம். மஞ்சள்: நாற்பது நிமிஷம். பச்சை: ஐம்பத்தைந்து.

நவம்பர் 7, செவ்வாய்

நீலப் பேட்டரியில் உள்ள கோளாறைப் பிடித்துவிட்டேன். பக்கத்தில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றன, மிச்சம் எவ்வளவு என்று காட்ட. பச்சையிலும் மஞ்சளிலும் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒழுங்காக இறங்குகிறது. நீலத்தில் மூன்று விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, ஒரு கனமான துளையில் மிஷின் நின்றுவிடுகிறது. ஓரமாக வைத்தால் மறுபடியும் மூன்று விளக்கு. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் செல்வின் சொன்னான்: "பேச்சி ஏன் தண்ணிய தொடமாட்டேங்கா தெரியுமா அண்ணாச்சி? அன்னைக்கு நாலாவது மாடியில தண்ணி ஊத்துனது அவதான. அந்த ஈரத்துல நின்னுதான் அவன் செத்தான். 'தண்ணிய ஊத்தி எம் மவனக் கொன்னுட்டா'ன்னு மாமியாக்காரி தெருவுல நின்னு சொல்லுதா. இவளும் அதத்தான் நம்புதா. புள்ளையயும் அவகிட்ட விடுறதில்லையாம். தை பிறந்தா பொறந்த வீட்டுக்குப் போயிரு, புள்ள இங்க இருக்கட்டும்னு சொல்லிட்டாளாம்."

நான் சாப்பாட்டை மூடிவைத்தேன்.

"ஈரம் எல்லா நாளும்தான் இருந்துச்சு" என்றான் செல்வின். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

நவம்பர் 9, வியாழன்

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, எழுதுகிறேன்.

காலையில் செல்வின் பேட்டரி கேட்டு வந்தான். நோட்டைப் பார்த்தேன். மஞ்சள் நான்காம் நம்பர் நேற்று அவன் பெயரில் போயிருக்கிறது, திரும்பி வந்ததாக இல்லை.

"நாலாம் நம்பர் எங்கடே?"

"நேத்து சாயங்காலமே தந்துட்டேன் அண்ணாச்சி."

"நோட்டுல இல்லைன்னா தரலைன்னு அர்த்தம்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. இதே ஜன்னல், இதே வார்த்தை. செல்வின் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் எழுந்து தேடினேன். சார்ஜர் பலகைக்குப் பின்னால், சாக்குக்கு மேலே கிடந்தது நான்காம் நம்பர். நான்தான் வாங்கி வைத்திருக்கிறேன். குறிக்க மறந்திருக்கிறேன்.

பேட்டரியைக் கொடுத்தபோது செல்வின் மெதுவாகச் சொன்னான்: "அவனுக்கும் இதே மாதிரி தேடிப் பாத்திருக்கலாம்லா அண்ணாச்சி."

நவம்பர் 10, வெள்ளி

மழை. சோதனை இல்லை.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை. தடுமம் பிடித்திருக்கிறது என்று சொன்னேன். சண்முகவடிவு நம்பவில்லை, ஆனாலும் வற்புறுத்தவில்லை.

"மாசானம் வீட்டுக்கு இது முதல் தீபாவளி. அந்த வீட்டுல ஒன்னும் செய்யமாட்டாவ. ஒரு எட்டுப் போயிட்டு வருவோம்" என்றாள். நீ போய்விட்டு வா என்றேன். பத்தரைக்குப் போனவள் ஒரு மணிக்குத் திரும்பினாள். சேலையை மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு நாலு வயசு இருக்கும். முத்துச்செல்வியாம் பேரு. ஊர்ப் பிள்ளையெல்லாம் குளிச்சி முழுகி நிக்கி. இது ஒரு சொம்பத் தூக்கிக்கிட்டு அம்மைகிட்ட வருது, 'எனக்கும் ஊத்து'ன்னு. அவ கையக் கட்டிக்கிட்டு சுவத்தோட சுவரா ஒண்டுதா. அந்தக் கெழவி வந்து பிள்ளையப் பிடுங்கிட்டுப் போறா. என்னங்க, கண்ணால பாக்க முடியல."

நான் எழுந்து போய் மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்தேன். ஒன்றுகூடக் காய்ந்திருக்கவில்லை.

நவம்பர் 14, செவ்வாய்

மஞ்சள் பேட்டரி மூன்றாம் மாடியிலிருந்து சாரப் பலகை வழியாகக் கீழே விழுந்தது. மூலை நசுங்கியதோடு சரி, வேலை செய்கிறது. பச்சை கிரைண்டர் ஒரு சார்ஜில் பதினொரு கம்பி அறுத்தது. நீலம் நான்கு.

மூன்றாம் மாடித் தூண்கள் இரண்டில் மயிரிழையாக வெடிப்பு. பேச்சிக்குப் பதிலாகத் தண்ணீர் காட்டப் போட்ட ஆள் அரைகுறை. என்ஜினீயர் பேச்சியைக் கூப்பிட்டு, "நீதான் ஒழுங்கா செய்வ, ஹோஸைப் பிடி" என்று கையில் திணித்தார். குழாயைத் திறந்ததும் அவள் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு, சுவர் ஓரமாகப் போய்க் குத்தவைத்துக்கொண்டாள். ஹோஸ் தானாகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே தரையில் கிடந்து புரண்டது. நான்தான் போய்க் குழாயை மூடினேன். மூடிவிட்டு அவளைப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

நவம்பர் 15, புதன்

மேடம் போன் பண்ணினார். திங்கள் மூன்று மணிக்கு வருகிறார். பேட்டரி முடிவையும் வாங்கிக்கொண்டு, பதிமூன்றாம் தேதி ஃபைலையும் மூடிவிடப் போகிறாராம். "உங்க ஸ்டேட்மெண்ட்தான் சார் தெளிவா இருக்கு. அதை வச்சே முடிச்சிடலாம்" என்றார்.

என் ஸ்டேட்மெண்ட் ஒரே வார்த்தை. ஃபாரத்தில் ஏழாவது கேள்வி: 'இயந்திரத்துடன் பிளக் டாப் வழங்கப்பட்டதா?' நான் எழுதியது: ஆம். அந்த ஒரு 'ஆம்' என்பதை வைத்துத்தான், கொடுத்த டாப்பை மாட்டாமல் தொழிலாளி அலட்சியமாக வயரைச் சொருகினார், தரையும் ஈரமாக இருந்தது என்று ரிப்போர்ட் எழுதியிருக்கிறார்கள்.

செல்வின் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தான். போனில் பேசியதைக் கேட்டிருப்பான்.

"எல்லாம் கேட்டாவ அண்ணாச்சி. தீப்பெட்டி யாருதுன்னு மட்டும் கேக்கலை."

"நீ சொல்லியிருக்கலாமே."

"நானும் தீக்குச்சி சொருகுன ஆளுதான். என் பொழப்பும் இருக்குல்லா. ஆனா பேச்சி அப்படிச் சுவரோரம் ஒண்டிக்கிட்டு இருக்கதப் பாத்த பொறவு, சோறு இறங்க மாட்டேங்கு."

நவம்பர் 16, வியாழன்

பேட்டரியைப் பற்றி எழுத எதுவும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அக்டோபர் பன்னிரண்டு சாயங்காலம் நல்ல மழை, கரண்ட் இல்லை. ஸ்டோருக்குள் மங்கலாக இருந்தது. படத்துக்குச் சூடம் ஏற்றுவதற்குத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு நின்றேன். மாசானமுத்து வந்து, "பதினாலு அண்ணாச்சி" என்று டாப்பை நீட்டினான். வாங்கினேன். வாங்கி, ஏற்றிவிட்டுக் குறித்துக்கொள்ளலாம் என்று படத்துக்குக் கீழே சூட டப்பா பக்கத்தில் வைத்தேன். குறிக்கவில்லை.

மறுநாள் காலை அவன் டாப்பு கேட்டான். நோட்டைப் பார்த்தேன், இல்லை. தந்துவிட்டேன் என்றான். நோட்டில் இல்லையென்றால் தரவில்லை என்று அர்த்தம் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "சாமி மேல சத்தியமா தந்தேன் அண்ணாச்சி. நல்லாத் தேடிப் பாருங்க" என்றான். பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் என் நோட்டைத் தப்பு என்கிறானே என்று எனக்குக் கோபம். டின்னில் வேறு டாப்புகள் கிடந்தன. எடுத்துக் கொடுக்கவில்லை. அவன் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, இன்று நாற்பது துளை போட்டாக வேண்டும், என்ஜினீயர் சத்தம் போடுவார் என்றான். மேசை மேல் இருந்த தீப்பெட்டியை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினேன். "இத வச்சு ஓட்டிக்கோ. சனிக்கிழம பாப்போம்."

நான்தான் நகர்த்தினேன். அவன் கேட்கக்கூட இல்லை.

பதினொரு மணிக்கு நான்காம் மாடியிலிருந்து சத்தம் கேட்டது. அன்று சாயங்காலம் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல் சூடம் ஏற்றப் போனேன். டப்பாவுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் என் கையெழுத்து, 14. அன்றிலிருந்து அது என் மேசை அடி டிராயரில், பூட்டுக்குள் இருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. வேலை போய்விடும், போலீஸ், கேஸ் என்று பயம். அதைவிட, என் நோட்டில் தப்பு என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு மனுஷன் செத்துக் கிடக்கும்போது நான் நோட்டை நினைத்திருக்கிறேன்.

நவம்பர் 17, வெள்ளி

சண்முகவடிவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, "லைட்டர் எதுக்குன்னு இப்பதான் தெரியுது" என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டே, "மேடத்துக்குச் சொல்லுறது பொறவு. முதல்ல அவகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

நவம்பர் 18, சனி

பத்து மணி டீ நேரத்தில் பேச்சி மூன்றாம் மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். டாப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறிப்போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக மனசுக்குள் வைத்திருந்தேன். ஒன்றும் வரிசையாக வரவில்லை.

"உன் தண்ணியால இல்ல பேச்சி" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பன்னிரண்டாம் தேதி மழையிலிருந்து தீப்பெட்டி வரை சொன்னேன். ஃபாரத்தில் ஆம் என்று எழுதியதையும் சொன்னேன். "தண்ணி எல்லா நாளும் ஊத்துறதுதான். என்ஜினீயர் சொன்ன வேலைய நீ செஞ்ச. டாப்பு இருந்திருந்தா கரண்ட் பூமிக்குப் போயி மெயின் விழுந்திருக்கும். அவன் எழுந்திரிச்சு வந்திருப்பான்" என்றேன். டாப்பை அவள் கையில் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நம்பர் மேல் விரலை வைத்தாள்.

"இதுவா அது?"

"ஆமாம்மா."

"அன்னைக்குக் காலைல டீ குடிக்கையில அவிய சொன்னாவ. 'நேத்தே கொடுத்தத, கொடுக்கலைங்காரு அண்ணாச்சி'ன்னு. நான் நம்பலை. 'அண்ணாச்சி நோட்டுல தப்பு வராது, நீங்கதான் எங்கயாவது போட்டிருப்பிய'ன்னு ஏசுனேன். ஏசிட்டு, தண்ணி ஊத்தப் போயிட்டேன். அவியட்ட கடைசியாப் பேசுனது அதுதான் அண்ணாச்சி."

செங்கல் அடுக்கைப் பிடித்துக்கொண்டேன். அவள் அடிப்பாள், ஏசுவாள், கத்தி ஆளைக் கூட்டுவாள் என்று எண்ணித்தான் ஏறியிருந்தேன். அவள் டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அவிய பொய் சொல்லலை" என்றாள். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "நான் சொன்னா எங்க அத்த நம்பாது. நாளைக்கு வீட்டுக்கு வந்து, நீங்க உங்க வாயால சொல்லணும். தெருவுல நின்னு சொல்லணும். தெருவுல நின்னுதான் என்னயச் சொன்னாவ" என்றாள்.

வருகிறேன் என்றேன்.

நவம்பர் 19, ஞாயிறு

பஸ்ஸில் முன்னீர்பள்ளம் தாண்டி இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தேன். சண்முகவடிவு கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். பேச்சியின் மாமியார் பெயர் மாடத்தி. வாசலில் முத்துச்செல்வியைக் குளிக்க வைக்க வாளியில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தார். அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பேச்சி அவர்களையும் வாங்க என்று கூப்பிட்டாள்.

சொன்னேன். எதிர்வீட்டுப் பெரியவர், "சத்தமாச் சொல்லும்" என்றார். சத்தமாகச் சொன்னேன்.

மாடத்தி கேட்டார்: "எம் மவன் டாப்பு தந்தானா?"

"ஆமா."

"வேற டாப்பு உங்ககிட்ட இருந்துச்சா?"

"ஆமா."

"தீப்பெட்டியும் நீங்கதான் கொடுத்தியளா?"

"ஆமா."

ஃபாரத்தில் எழுதியதும் இந்த வார்த்தைதான். அங்கே எழுத ஒரு நொடி ஆயிற்று.

எதிர்வீட்டுப் பெரியவர் என் சட்டையைப் பிடிக்க வந்தார். மாடத்தி கையைக் காட்டி நிறுத்தினார். "அந்த ஆள விடுங்க. வந்து சொல்லிட்டான்லா. போகட்டும்" என்றார். என்னை மறுபடி பார்க்கவில்லை. பிள்ளை அம்மணமாக வாளிக்குப் பக்கத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. மாடத்தி குனிந்தார். வாளியைத் தூக்கவில்லை, தரையோடு தரையாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பேச்சியின் காலடியில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய்விட்டார்.

பேச்சி சொம்பை எடுக்க ரொம்ப நேரம் ஆயிற்று. எடுத்தாள். முதல் சொம்புக்குப் பிள்ளை சிலிர்த்துச் சிரித்தது.

அந்த வீட்டில் எனக்கு யாரும் குடிக்கத் தண்ணீர் கொடுக்கவில்லை. வெயிலில் மெயின்ரோடு வரை நடந்தேன்.

நவம்பர் 20, திங்கள்

மேடத்துக்கு, சோதனை முடிவு:

பச்சையை வாங்கலாம். கனம்தான், ஆனால் ஆள் மாற்றி மாற்றிப் பிடித்தால் சமாளிக்கலாம். சூடானால் ஏறமாட்டேன் என்று நிற்கிற அதன் சார்ஜரைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தலைக்கு மேல் வேலைக்கு மட்டும் மஞ்சள் இரண்டு இருக்கட்டும். நீலம் வேண்டாம். விளக்கு ஒன்று சொல்கிறது, உள்ளே இருப்பது வேறு. பேட்டரி தொலைந்தால் ஆளைத் தண்டிக்கிற சட்டம் எதையும் தயவுசெய்து போடவேண்டாம். ஸ்டோரில் எப்போதும் நான்கு பேட்டரி கூடுதலாக இருக்கட்டும்.

வயர் இல்லாத மிஷின் நல்லது மேடம். ஆனால் மாசானமுத்து வயரால் சாகவில்லை. ஏழாவது கேள்விக்கு என் பதில்: இல்லை. டாப்பு வழங்கப்படவில்லை. ஏன் என்பது பதினாறாம் தேதியில் இருக்கிறது. அதனால் நகல் எடுக்கவில்லை, இந்த நோட்டையே கொடுக்கிறேன். டாப்பு பேச்சியம்மாளிடம் இருக்கிறது. கேட்டால் காட்டுவாள், கொடுக்கமாட்டாள். ஸ்டோர் சாவி செல்வினிடம். நீங்கள் யாரைக் கூட்டி வந்தாலும் வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்போது மணி இரண்டேமுக்கால். காலையில் பேச்சி ஜன்னலுக்கு வந்து இரும்புச் சட்டியைத் திருப்பித் தந்தாள். என்னோடு பேசவில்லை. குறித்துக்கொண்டேன். பிறகு அவளாகவே ஹோஸை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் மாடி, பதினெட்டுத் தூண்கள். தண்ணீர் காட்டியது பேச்சியம்மாள். ஒன்றும் விடுபடவில்லை.